காசு யார் பெயரில் இருக்கிறது? – முதலீட்டு முகாமை பற்றி வாசகர் கேள்விகள்

நிலையான வைப்பு வட்டி இறங்கியதிலிருந்து, ‘உங்கள் காசை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்லும் முதலீட்டு முகாமை நிறுவனங்கள் யாழ்ப்பாணத்து வீட்டுப் படலைகளையும் தட்டத் தொடங்கிவிட்டன. அதைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: எனக்கு ஓய்வூதியம் மாதம் 60,000 ரூபா. செலவு ஒரு இலட்சம். பணிக்கொடையும் காணி விற்ற காசுமாக ஒரு கோடியே இருபது இலட்சம் வங்கியில் கிடக்கிறது. முதலீட்டுத் தொகுப்பு ஒன்று அமைத்துத் தருவதாகக் கொழும்பு நிறுவனமொன்று சொல்கிறது. காசை வாங்கி உண்மையில் என்ன செய்வார்கள்?
– ஓய்வுபெற்ற அதிபர், சுன்னாகம்

பதில்: முதற் சந்திப்பிலேயே ஒரு பங்கின் பெயரைச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஒழுங்கான நிறுவனம் முதலில் கேட்டு எழுதும். உங்கள் வயது, துணைவியாரின் வயது, கடன், மருத்துவச் செலவு, அடுத்த ஐந்து ஆண்டில் வரக்கூடிய பெரிய செலவுகள் எல்லாவற்றையும் கேட்கும். பிள்ளையின் கலியாணம், கண் சத்திரசிகிச்சை, வீட்டுக்கு ஓடு மாற்றுவது எதையும் மறைக்காதீர்கள். இந்தக் கணக்கின் முடிவில் வருவது ஓர் எண்: இந்தக் காசு மாதம் எவ்வளவு தரவேண்டும்? உங்களுக்கு 40,000 ரூபா, அதாவது ஆண்டுக்கு 480,000. மொத்தத்தில் 4 வீதம்தான். நல்ல நிலையில் இருக்கிறீர்கள். 10 வீதம் வேண்டும் என்றிருந்தால் முதலையே தின்னவேண்டி வரும். அதை நிறுவனம் அப்போதே முகத்துக்கு நேரே சொல்லவேண்டும்.

அடுத்தது முதலீட்டுக் கொள்கை ஆவணம். இரண்டு மூன்று பக்கம்தான் இருக்கும். ஒவ்வொரு வகைச் சொத்திலும் எத்தனை வீதம், மேல் எல்லை, கீழ் எல்லை, வாங்கவே கூடாதவை, தொகுதிக்கடனுக்கு (நிறுவனங்கள் வட்டிக்குக் கடன் வாங்க வெளியிடும் பத்திரம்) வேண்டிய குறைந்தபட்சத் தரப்படுத்தல் (கடனைத் திருப்பித் தரும் வலுவுக்கான மதிப்பீடு), எந்தச் சுட்டெண்ணோடு ஒப்பிடுவது, யார் அறிவுறுத்தல் தரலாம் என்பன அதில் இருக்கவேண்டும். ஒரு கிழமை வீட்டில் வைத்துப் படித்த பிறகு கையெழுத்திடுங்கள். பின்னால் தகராறு வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அந்தத் தாள்தான்.

உங்களைப் போன்ற ஒருவருக்கு அமையக்கூடிய பிரிப்பு இது. ஓராண்டுப் பற்றாக்குறையும் மருத்துவச் செலவும் சேர்த்து 15 இலட்சம், உடனே எடுக்கக்கூடியதாகச் சேமிப்பிலும் பணச்சந்தை யூனிட் ட்ரஸ்ட்டிலும் (பலரின் காசைச் சேர்த்துக் குறுகிய கால வட்டிப் பத்திரங்களில் இடும் நிதியம்). 45 இலட்சம் திறைசேரி உண்டியலிலும் (அரசு ஓராண்டுக்குள் திருப்பித் தரும் கடன் பத்திரம்) குறுகிய காலத் திறைசேரி முறியிலும் (அதைவிட நீண்ட கால அரச கடன் பத்திரம்). 20 இலட்சம் நிலையான வைப்பில், இரண்டு வங்கிகளில் பத்துப் பத்தாக. வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான் என்பதால் இப்படிப் பிரிக்கிறார்கள். 20 இலட்சம் நல்ல தரப்படுத்தலுள்ள நிறுவனங்களின் தொகுதிக்கடனில், குறைந்தது நான்கு நிறுவனங்களாக. மீதி 20 இலட்சம் பங்குகளில்.

அந்த 45 இலட்சத்தை ஒரே நாளில் ஒரே முதிர்வுக்குப் போடமாட்டார்கள். 91, 182, 364 நாள் உண்டியல்கள், இரண்டு மூன்று ஆண்டு முறிகள் என்று அடுக்குவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதோ ஒன்று முதிரும். வட்டி ஏறினாலும் இறங்கினாலும் ஒரு பகுதிதான் அந்த வீதத்தில் மாட்டும். பங்குக்கான 20 இலட்சத்தையும் மாதம் இரண்டு இலட்சமாகப் பத்து மாதத்தில் போடுவது நல்லது.

இனி முக்கியமான இடம். அந்தச் சொத்து எதுவும் நிறுவனத்தின் பெயரில் இருக்கக்கூடாது. திறைசேரி உண்டியலும் முறியும் மத்திய வங்கியின் லங்காசெக்யூர் முறைமையில் உங்கள் பெயரில் பதியப்படவேண்டும். பங்குகள் மத்திய வைப்புத் திட்டத்தில், சீடிஎஸ் என்று சொல்கிறார்களே, அங்கே உங்கள் கணக்கில் இருக்கவேண்டும். யூனிட் ட்ரஸ்ட் காசோலையை நிதியத்தின் சொத்தைக் காக்கும் நம்பிக்கைப் பொறுப்பாளர் வங்கிக் கணக்குக்கே எழுதவேண்டும். முகவரின் பெயருக்கோ முகாமையாளரின் பெயருக்கோ காசோலை கேட்டால் அதோடு பேச்சை முடித்துவிடலாம். நிறுவனத்துக்கு நீங்கள் கொடுப்பது வாங்கவும் விற்கவும் அதிகாரம் மட்டும்; வருகிற காசு உங்கள் சொந்த வங்கிக் கணக்குக்கே போகவேண்டும் என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

ஒரு சிறு விடயம்: 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள். ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாதவர் அதற்கான பிரகடனத்தை வங்கியில் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். பலர் இதைச் செய்யாமலே விடுகிறார்கள்.

கேள்வி: இடர் பற்றிய கேள்விக்கொத்தில் ‘நட்டம் வந்தாலும் தாங்குவேன்’ என்று எழுதினேன். நிறுவனமோ என்னை ‘மிதமானவர்’ பிரிவில் போட்டுவிட்டது. என் விருப்பத்துக்கு மதிப்பில்லையா?
– கடை உரிமையாளர், வல்வெட்டித்துறை

பதில்: மனம் தாங்குவது ஒன்று, வீட்டுக் கணக்கு தாங்குவது இன்னொன்று. கேள்விக்கொத்து முதலாவதைத்தான் அளக்கும். இரண்டு ஆண்டில் மகனின் பல்கலைக்கழகச் செலவு இருக்கிறது, கடையின் வருமானமும் நிரந்தரமில்லை என்று நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டில் குறைந்ததை எடுப்பதுதான் முறை. அவர்கள் செய்தது சரி. எல்லாரையும் ‘துணிச்சலானவர்’ என்று பதிந்து பங்கை விற்கும் நிறுவனத்தைக் கண்டால்தான் பயப்படவேண்டும்.

கேள்வி: அரசாங்க முறி பாதுகாப்பானது என்று சொல்லி வாங்கித் தந்தார்கள். 2022இல் வந்த அறிக்கையில் அதே முறிக்கு மூன்றிலொரு பங்கு நட்டம் காட்டியது. எப்படி?
– வாசகி, நல்லூர்

பதில்: வட்டியும் முதலும் திரும்பி வருமா என்பது ஒரு கேள்வி. முதிர்வுக்கு முன் இன்று விற்றால் என்ன விலை என்பது வேறு கேள்வி. அறிக்கை காட்டியது இரண்டாவதை.

பத்து ஆண்டு முறி, கூப்பன் (முறியில் எழுதிய ஆண்டு வட்டி) 12 வீதம் என்று வையுங்கள். நீங்கள் 100 ரூபாவுக்கு வாங்கிய பிறகு சந்தை வீதம் 20 ஆக ஏறினால், அதே முறியைப் புதிதாக வாங்குபவர் சுமார் 66 ரூபாதான் தருவார். ஓராண்டு உண்டியலில் அதே ஏற்றம் நடந்தால் விலை 89 ரூபாவிலிருந்து 83க்குத்தான் இறங்கும். காலம் நீள நீள அடி பலமாகும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே அறிவிப்பில் 7 வீதப் புள்ளி ஏற்றியது. அதே மாதம் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை அரசு நிறுத்தியது. நீண்ட முறி வைத்திருந்த எவரும் தப்பவில்லை.

வைத்திருந்து முதிர்வு கண்டவருக்கு 100 ரூபா வந்தது. இடையில் காசு தேவைப்பட்டு விற்றவருக்கு நட்டம் நிரந்தரமாயிற்று. ஆகவே பிழை முறியில் இல்லை. உங்களுக்குக் காசு தேவைப்படும் திகதியும் முறியின் முதிர்வும் பொருந்தாததில் இருக்கிறது. அதைப் பொருத்துவது நிறுவனத்தின் வேலை. ‘இந்தத் தொகுப்பில் வட்டி ஒரு வீதப் புள்ளி ஏறினால் பெறுமதி எத்தனை வீதம் இறங்கும்?’ என்று கேளுங்கள். உடனே எண்ணைச் சொல்லத் தெரியாதவர் அந்தத் தொகுப்பைப் பார்க்கவில்லை.

‘அரசாங்கம்’ என்ற சொல்லையும் முற்றாக நம்பிவிடாதீர்கள். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு நடந்தபோது ஊழியர் சேமலாப நிதியம் போன்ற ஓய்வுகால நிதியங்களின் முறிகள் புதிய முறிகளாக மாற்றப்பட்டன. வங்கி வைப்புகளைத் தொடவில்லை. ஒரே வகையில் எல்லாவற்றையும் போடாதிருக்க அதுவே போதிய காரணம்.

கேள்வி: என் தொகுப்பில் ஏறிக்கொண்டிருந்த பங்குகளை விற்று, வட்டி குறைந்த உண்டியலை வாங்கியிருக்கிறார்கள். ஓடுகிற குதிரையை ஏன் பிடித்துக் கட்டவேண்டும்?
– பொறியியலாளர், மானிப்பாய்

பதில்: நீங்கள் கையெழுத்திட்ட எல்லையைக் காப்பாற்ற. ஒரு கோடியில் 25 இலட்சம் பங்கு, மேல் எல்லை 30 வீதம் என்று இருந்ததாக எடுங்கள். பங்கு 60 வீதம் ஏறி 40 இலட்சமாகிறது. மீதி 75 இலட்சம் 8 வீதம் வளர்ந்து 81 ஆகிறது. மொத்தம் 121, அதில் பங்கு 33 வீதம். 25க்குத் திருப்ப 975,000 ரூபாவுக்கு விற்கவேண்டும். தரகு, சந்தைக் கட்டணம், அரச தீர்வை எல்லாம் சேர்த்து 1.12 வீதம், ஏறக்குறைய 10,900 ரூபா செலவு. பிறகு சந்தை 40 வீதம் விழுந்தால் விற்காதவருக்கு 16 இலட்சம் நட்டம், விற்றவருக்கு 12 இலட்சத்துச் சொச்சம்.

கொழும்பில் இது கற்பனை இல்லை. அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2020 முடிவில் 6,774. 2021 முடிவில் 12,226. 2022 முடிவில் 8,490. 2022 ஏப்ரலில் சந்தையை ஐந்து வேலைநாள் மூடியே வைத்தார்கள். விற்க நினைத்தவராலும் விற்கமுடியவில்லை.

ஆனாலும் மாதாமாதம் சமப்படுத்தினால் கட்டணமே தின்றுவிடும். வாங்கி விற்கும் ஒரு சுற்றுக்கு 2.24 வீதம் போகிறது. எல்லையைத் தாண்டும்போது மட்டும் செய்வது, முதலில் பங்கிலாபத்தையும் முதிர்ந்த உண்டியல் காசையும் குறைந்த பக்கத்துக்குத் திருப்புவது, அதுவும் போதாவிட்டால்தான் விற்பது என்பது நல்ல ஒழுங்கு. உங்களுக்கு ஓராண்டில் ஆறு முறை செய்திருப்பதாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். எல்லை மீறிய திகதிகளை எழுத்தில் கேளுங்கள். காட்டமுடியாவிட்டால் அது தரகுக்காக நடந்த வியாபாரம்.

கேள்வி: முகாமைத்துவ பீடத்தில் படிக்கிறேன். தொகுப்பு அமைப்பது பாடத்தில் வருகிறது. அமைத்த பின் யார் எதைச் சரிபார்க்கிறார்கள் என்பது வருவதில்லை.
– மாணவி, யாழ். பல்கலைக்கழகம்

பதில்: நல்ல கேள்வி, வாடிக்கையாளரின் காசு தொலைவது பெரும்பாலும் இந்தப் பின்பக்க வேலையில்தான்.

மேலே முதலீட்டுக் குழு இருக்கும். வாங்கக்கூடிய பங்குகள், தொகுதிக்கடன்களின் பட்டியலை அதுதான் அங்கீகரிக்கும். முகாமையாளர் அதற்குள் நிற்கவேண்டும். ஒரு கட்டளை சந்தைக்குப் போவதற்கு முன் மூன்றைப் பார்க்கவேண்டும்: ஒரே நிறுவனத்துக்கான உச்ச எல்லை மீறுகிறதா, வாடிக்கையாளர் தடுத்த வகையா, கணக்கில் காசு இருக்கிறதா. கணினி தானாகத் தடுக்கும் இடத்தில் தவறு குறைவு. எக்செல் தாளில் கையால் பார்க்கும் இடத்தில், வேலை கூடிய நாளில் விடுபடும்.

பலருக்காக ஒரே பங்கைச் சேர்த்து வாங்கும்போதுதான் மறைவான அநியாயம் நடக்கும். காலையில் 50 ரூபாவுக்கும் மாலையில் 53க்கும் வாங்கிவிட்டு, 50ஐ வேண்டியவருக்கும் 53ஐ மற்றவருக்கும் ஒதுக்கலாம். இதைத் தடுக்க, யாருக்கு எத்தனை என்பதைக் கட்டளைக்கு முன்பே எழுதவேண்டும். எல்லாருக்கும் சராசரி விலை. முழுதும் கிடைக்காவிட்டால் விகிதப்படி பங்கிடவேண்டும்.

அடுத்தது ஒப்புநோக்கல். நிறுவனத்தின் ஏட்டை சீடிஎஸ், லங்காசெக்யூர், சொத்தைக் காப்பில் வைத்திருக்கும் காப்பாளர் வங்கி ஆகியவற்றின் பதிவோடு வரிக்கு வரி பார்க்கவேண்டும். வித்தியாசம் வருவது அநேகமாகப் பங்குப் பிரிப்பு, பங்காகத் தரும் பங்கிலாபம், உரிமைப் பங்கு வழங்கல் (இருக்கும் பங்குதாரருக்கு முதலில் புதிய பங்கு வாங்கும் உரிமை தருவது) போன்றவற்றில். உரிமைப் பங்கின் கடைசித் திகதியைத் தவறவிட்டால் அந்த உரிமையின் பெறுமதி அப்படியே போய்விடும். முதிர்ந்த உண்டியலின் காசு மறுமுதலீடு செய்யப்படாமல் கணக்கில் தூங்குவது இன்னொரு வழமையான கசிவு. விலையிடலும் கவனத்துக்குரியது: மாதக்கணக்கில் கைமாறாத தொகுதிக்கடனைப் பழைய விலையிலேயே காட்டினால் அறிக்கை அழகாக இருக்கும், விற்கப்போனால்தான் உண்மை தெரியும்.

எல்லை மீறல் இரண்டு வகை. சந்தை அசைந்ததால் அல்லது தரப்படுத்தல் இறங்கியதால் தானாக மீறுவது ஒன்று. அதைத் திருத்த ஒப்பந்தம் 30 நாள் போல அவகாசம் தரலாம். முகாமையாளரே வாங்கி மீறுவது இன்னொன்று. அதை உடனே திருத்தி, நட்டத்தை நிறுவனம் ஏற்கவேண்டும். இரண்டையும் மீறல் பதிவேட்டில் எழுதவேண்டும். பதிவேட்டை வைத்திருக்கும் இணக்க அலுவலர் (விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்ப்பவர்) முகாமையாளருக்குக் கீழே இல்லாமல் நேரே பணிப்பாளர் சபைக்குப் பொறுப்புச் சொல்பவராக இருக்கவேண்டும். அந்த ஒரு கோடு எங்கே போகிறது என்று பார்த்தாலே நிறுவனத்தின் தரம் விளங்கும்.

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் மகன் இங்கே முதலிட விரும்புகிறான். என் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பினால் போதுமா?
– தாயார், கோண்டாவில்

பதில்: வேண்டாம் அம்மா. உங்கள் கணக்குக்கு வந்தால் அது உங்கள் காசாகிவிடும்; பிறகு அவர் திருப்பி எடுக்க நினைக்கும்போது அந்நியச் செலாவணி விதிகள் குறுக்கே நிற்கும். அவர் தமது பெயரில் இங்குள்ள வங்கியொன்றில் உள்முக முதலீட்டுக் கணக்குத் திறக்கட்டும். அதன் வழியாக வாங்கிய பங்கு, முறி, யூனிட் ட்ரஸ்ட் ஆகியவற்றை விற்ற காசும் இலாபமும் அதே வழியால் திரும்பிப் போகலாம். கனடாவில் அவர் இந்த வருமானத்தைக் காட்டவேண்டும். வெளிநாட்டுச் சொத்தின் கொள்விலை 100,000 கனேடிய டொலரைத் தாண்டினால் டி1135 படிவமும் நிரப்பவேண்டும். ரூபா 2022இல் சில மாதங்களில் டொலருக்கு 200 அளவிலிருந்து 360 அளவுக்கு வீழ்ந்ததையும் அவர் கணக்கில் எடுக்கட்டும். இங்கே கிடைக்கும் வட்டியை டொலரில் பார்த்தால்தான் அவருக்கு அது இலாபமா என்று தெரியும்.

கேள்வி: இரண்டு ஆண்டில் 14 வீதம் இலாபம் என்கிறது அறிக்கை. நான் போட்டதைவிடக் குறைவாகத்தான் இருக்கிறது. பொய் சொல்கிறார்களா?
– வர்த்தகர், கரவெட்டி

பதில்: பொய் இல்லை. நீங்கள் தந்த எண்களைப் போட்டுப் பார்த்தோம். முதல் ஆண்டு 20 இலட்சம், 20 வீதம் ஏறி 24. பிறகு 76 இலட்சம் சேர்த்தீர்கள்; 100 ஆனது. அடுத்த ஆண்டு 5 வீதம் இறங்கி 95. முகாமையாளரின் திறமையை அளப்பது 1.20ஐ 0.95ஆல் பெருக்கும் கணக்கு. 14 வீதம் வருகிறது. உங்கள் பையில் போட்டது 96, இருப்பது 95. பெரிய தொகை பிந்தி வந்து இறக்கத்தில் அகப்பட்டது. காசு வந்த நேரத்தையும் சேர்த்துக் கணிக்கும் வீதத்தையும் பக்கத்தில் அச்சிடும்படி கேளுங்கள். அந்த வீதத்தை வைத்திருந்தும் தராவிட்டால் அது குறைதான்.

கேள்வி: ஆண்டுக்கு ஒன்றரை வீதம் கட்டணம். சிறிய தொகைதானே?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: ஒரு கோடி 9 வீதத்தில் பத்து ஆண்டில் 2 கோடி 36 இலட்சமாகும். கட்டணம் போய் 7.5 வீதமானால் 2 கோடி 6 இலட்சம். முப்பது இலட்சம் வித்தியாசம். வெறும் திறைசேரி உண்டியல் வாங்கித் தருவதற்கு ஒன்றரை வீதம் கொடுப்பது வீண்; அதை முதனிலை வணிகரிடம் (அரச உண்டியல், முறிகளை விற்க மத்திய வங்கி நியமித்த நிறுவனம்) நீங்களே வாங்கலாம். பங்கும் தொகுதிக்கடனும் கலந்த, உண்மையாகவே கவனிக்கப்படும் தொகுப்புக்கு அது நியாயமாக இருக்கலாம். யூனிட் ட்ரஸ்ட் உள்ளே ஒரு கட்டணம் எடுக்க, அதற்கு மேல் நிறுவனமும் எடுக்கிறதா என்று பாருங்கள். அதே நிறுவனத்தின் நிதியமாக இருந்தால் இரண்டு முறை கொடுக்கச் சம்மதிக்கவே வேண்டாம்.

கேள்வி: மாதம் 5 வீதம் உறுதியாகத் தருவதாக ஒருவர் சொல்கிறார்.
– சாவகச்சேரி

பதில்: கூட்டு வட்டியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 80 வீதம். கொடுக்காதீர்கள். பிந்தி வருபவரின் காசை முந்தி வந்தவருக்குக் கொடுக்கும் பிரமிட் திட்டங்கள் வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவின்படி குற்றம். முதலீட்டு முகாமையாளர் என்று சொல்பவரின் பெயர் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: சீதனக் காணியை விற்ற காசில் என் பெயரில் தொகுப்பு அமைக்கிறேன். எனக்கு ஏதும் நடந்தால் யாருக்குப் போகும்?
– வாசகி, இணுவில்

பதில்: கொழும்பிலுள்ள அலுவலர்கள் பலர் கேட்க மறக்கும் விடயம் இது. தேசவழமை (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) பொருந்தும் குடும்பங்களில் சீதனம் உங்கள் தனிச் சொத்து. அதை விற்ற காசில் வாங்கியதும் அப்படியே. ஆனால் திருமண காலத்தில் அதிலிருந்து வரும் வட்டியும் பங்கிலாபமும் தேடியதேட்டம், அதாவது மணவாழ்வில் சேர்ந்த சொத்து. மரணசாதனம் எழுதாமல் இறந்தால் உங்கள் தேடியதேட்டத்தில் பாதி கணவருக்கும் மீதி உரித்தாளருக்கும் போகும். தனிச் சொத்துக்கு முறை வேறு. முதலையும் வருமானத்தையும் ஒரே தொகுப்பில் கலந்தால் பத்து ஆண்டு கழித்து எது எது என்று எவராலும் பிரிக்கமுடியாது. ஆகவே முதலுக்கு ஒரு கணக்கு, வருமானம் விழ இன்னொரு வங்கிக் கணக்கு என்று தொடக்கத்திலேயே பிரித்து வையுங்கள். காணி விற்ற உறுதியின் பிரதியை நிறுவனத்தின் கோவையிலும் போடச் சொல்லுங்கள். முகாமையாளருக்கோ உறவினருக்கோ கொடுத்த அற்றோர்ணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம்) உங்கள் மரணத்தோடு செல்லாது போகும். அதை நம்பி இருக்கமுடியாது. கொள்கை ஆவணத்தில் கையெழுத்திடும் அதே கிழமையில் சட்டத்தரணியிடம் மரணசாதனத்தையும் எழுதி முடியுங்கள்.